ஊரான் பிள்ளையை வளர்த்த கம்பெனி

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பார்கள். வியாபாரத்தில் இது எவ்வளவு தூரம் உண்மை? அடுத்தவர் எழுதிய மென்பொருளை விற்றே பங்குச்சந்தை வரை போன ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் கதையைப் பார்த்தால் ஓரளவு பதில் கிடைக்கும். டோக்கியோவின் அகிஹபாராவில் இருக்கும் அந்த நிறுவனத்தின் பெயர் சைபர்நெட் சிஸ்டம்ஸ்.

விற்ற சரக்கு என்ன?

ஒரு கார் கதவு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று தெரிய வேண்டும். பழைய வழி, கதவைச் செய்து உடைத்துப் பார்ப்பது. புது வழி, கதவைக் கணினியில் வரைந்து, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் விசை எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போடுவது. இதைத்தான் சிமுலேஷன் என்கிறார்கள். உடைக்க வேண்டிய மாதிரிகள் குறைந்தால் செலவும் குறையும், நாளும் மிச்சமாகும்.

இந்தத் துறையின் பெரிய பெயர்கள் பல அமெரிக்காவில் பிறந்தவை. ஜான் ஸ்வான்சன் 1970-ல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்தது அன்சிஸ். கிளீவ் மோலர் எழுதிய மேட்லேபை விற்க 1984-ல் உருவானது மேத்வொர்க்ஸ். லென்ஸ் வடிவமைப்புக்கான கோட்-வி கலிஃபோர்னியாவின் பாசடீனாவிலிருந்து வந்தது. கார், கேமரா, மின்னணுப் பொருட்கள் என்று எல்லாம் செய்யும் ஜப்பானுக்கு இவை மூன்றுமே தேவை.

பிறப்பும் கைமாற்றமும்

1964-ல் சிடிசி 6600 என்ற அதிவேகக் கணினியைக் கொண்டுவந்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது அமெரிக்காவின் கன்ட்ரோல் டேட்டா நிறுவனம். தன் பெரிய கணினிகளில் மற்றவர்களுக்கு நேரம் வாடகைக்கு விடும் சேவைக்கு அது வைத்த பெயர் சைபர்நெட். அந்த நிறுவனத்தின் ஜப்பான் தொழிலிலிருந்து 1985-ல் பிறந்ததுதான் சைபர்நெட் சிஸ்டம்ஸ்.

நான்கே வருடத்தில், 1989-ல், அது கோபே ஸ்டீல் என்ற உருக்கு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1999-ல் ஃபுஜிசாஃப்ட் வாங்கியது. 2001-ல் ஜாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2004-ல் டோக்கியோ பங்குச்சந்தையின் முதல் பிரிவு. முதலாளிகள் மாறினார்கள், வளர்ச்சி நிற்கவில்லை.

ஏஜென்ட் செய்த வேலை

பெட்டியை வாங்கிப் பெட்டியை விற்பது மட்டும் இந்த வியாபாரம் அல்ல. ஆங்கிலக் கையேட்டை ஜப்பானிய மொழியில் தர வேண்டும். பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும். தொழிற்சாலைப் பொறியாளர் சந்தேகம் கேட்டால், எதிர்முனையில் இருப்பவரும் பொறியாளராக இருக்க வேண்டும். உரிமத்தை ஒருமுறை விற்றால் போதும், பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் வரும். அதனால் வாடிக்கையாளரைத் தக்கவைப்பதுதான் உண்மையான லாபம்.

இங்கேதான் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. உழைப்பு ஏஜென்டுடையது, ஆனால் பெயர் தயாரித்தவருடையது. பொறியாளர் பழகுவது மேட்லேபோடுதான், அதை விற்றவரோடு அல்ல. சந்தை சிறியதாக இருக்கும்வரை தயாரிப்பாளருக்கு ஏஜென்ட் தேவை. சந்தை பெரிதானால்? நாமே நேரடியாக விற்கலாமே என்று தோன்றிவிடும்! நன்றாக விற்பதே ஏஜென்டுக்கு ஆபத்தாகி விடுகிறது.

2009

அதுதான் நடந்தது. 2009-ம் ஆண்டின் நடுவில் மேத்வொர்க்ஸ் ஜப்பானில் நேரடி விற்பனையைத் தொடங்க, சைபர்நெட்டின் கையிலிருந்து மேட்லேப் போனது. லேமன் பிரதர்ஸ் விழுந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. ஜப்பானியத் தொழிற்சாலைகள் செலவைக் குறைத்துக்கொண்டிருந்த நேரமும் அதுவே.

சைபர்நெட் அப்போது எடுத்த முடிவுதான் இந்தக் கதையின் திருப்பம். அதே 2009-ல் கனடாவின் மேப்பிள்சாஃப்டை வாங்கியது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பிறந்த மேப்பிள் என்ற கணித மென்பொருளின் சொந்தக்காரர்கள் இவர்கள். அமெரிக்காவின் சிக்மெட்ரிக்ஸும் அதே வருடம் வந்து சேர்ந்தது. 2010-ல் பெல்ஜியத்தின் நோயசிஸ். மற்றவர் சரக்கை விற்பதை நிறுத்தவில்லை, ஆனால் யாரும் வந்து திரும்பக் கேட்க முடியாத சரக்கும் கையில் இருக்கட்டும் என்று நினைத்தது.

அந்த நினைப்பு தவறல்ல என்று காலமும் காட்டியது. கோட்-வி-யை உருவாக்கிய நிறுவனத்தை 2010-ல் சினாப்சிஸ் வாங்கியது. 2025-ல் அன்சிஸையே சினாப்சிஸ் வாங்கிவிட்டது. தயாரிப்பாளர் கைமாறும் ஒவ்வொரு முறையும், நம் ஒப்பந்தம் என்னவாகுமோ என்று ஏஜென்ட் காத்திருக்க வேண்டும்.

சைபர்நெட்டும் தப்பவில்லை. 2023 இறுதியில் ஃபுஜிசாஃப்ட் மீதிப் பங்குகளையும் வாங்க முன்வந்தது. 2024-ல் சைபர்நெட் பங்குச்சந்தையிலிருந்து வெளியேறியது. 2025-ல் ஃபுஜிசாஃப்டே கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் வசம் வந்தது.

ஊரான் பிள்ளையை வளர்த்ததால் சைபர்நெட் வளர்ந்தது உண்மைதான். அந்தப் பணமும் அனுபவமும் இல்லாமல் மேப்பிள்சாஃப்டை வாங்கியிருக்க முடியாது. ஆனால் பிள்ளை வளர்ந்ததும் பெற்றவர் வந்து அழைத்துப்போவார். அதற்கு முன்பே தன் பிள்ளை என்று சொல்ல ஒன்று இருக்க வேண்டும். டீலர்ஷிப், ஏஜென்சி என்று தொழில் தொடங்க நினைக்கும் யாருக்கும் பொருந்தும் பாடம் இது.