சகரத்தில் தொடங்கும் சொற்கள்

தமிழ்ப்பள்ளிகளில் நடைபெறும் இலக்கிய விழாக்களில் பொது அறிவுப் போட்டிக்கென ஓர் இடம் உண்டு. கரும்பலகையில் ஓர் எழுத்தை எழுதி, அவ்வெழுத்தில் தொடங்கும் ஊர், மலர், உணவு, பொருள் ஆகியவற்றின் பெயர்களைக் குறித்த நேரத்திற்குள் கூறுமாறு மாணவரைக் கேட்பது அப்போட்டியின் வகைகளுள் ஒன்று. 'ச' என்னும் எழுத்துத் தரப்படுமாயின் மாணவர் தயங்குவதில்லை. சபா, சரவாக், சண்பகம், சர்க்கரை, சட்டி, சந்தை, சங்கம் எனச் சொற்கள் விரைந்து வரும். தொல்காப்பியர் அப்போட்டிக்கு நடுவராக அமர்ந்திருப்பாராயின், இவ்விடைகளுள் ஒன்றுக்கேனும் மதிப்பெண் வழங்கியிருக்க மாட்டார்.

இது வேடிக்கைக்காகக் கூறப்படுவதன்று. சொல்லின் முதலில் எவ்வெழுத்து வரலாம், எவ்வெழுத்து வரலாகாது என்பது தமிழ் இலக்கணம் தொன்றுதொட்டு ஆராய்ந்துவரும் பொருளாகும். அவ்வாராய்ச்சியில் சகரத்தைப்போல் வாதத்திற்கு இடமளித்த எழுத்துச் சிலவே. இவ்வோர் எழுத்தின் வரலாற்றைத் தொடர்ந்து செல்வோர்க்கு, மொழிக்கும் இலக்கணத்திற்கும் உள்ள உறவு தெளிவாக விளங்கும்.

தொல்காப்பியர் வகுத்த விதி

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மொழிமரபு என்னும் இயல் சொல்லுக்கு முதலாகும் எழுத்துகளைக் கூறுகின்றது. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் சொல்லுக்கு முதலாகும். மெய்யெழுத்துகளுள் க, த, ந, ப, ம ஆகிய ஐந்தும் எல்லா உயிரோடும் கூடி முதலாகும். சகரமும் முதலாகும், ஆயினும் அ, ஐ, ஔ ஆகிய மூன்று உயிரோடு கூடிய நிலையில் வாராது. இதுவே பெரிதும் வழங்கிவரும் பாடத்தின்படி தொல்காப்பியர் கருத்து.

இவ்விதியின்படி சாந்து, சிலை, சீர், சுரம், சூழ்ச்சி, செவி, சேய், சொல், சோறு ஆகியன தமிழ்ச்சொற்களாக நிற்கும். சகடம், சைவம், சௌக்கியம் ஆகியவற்றிற்கு இடமில்லை. ஒன்பது உயிர்க்குத் திறந்துவிடப்பட்ட வாயில் மூன்று உயிர்க்கு மட்டும் அடைக்கப்பட்டது ஏன் என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது.

இலக்கண ஆசிரியர் தம் விருப்பத்தால் விதி செய்வதில்லை. தம் காலத்து வழக்கையும் செய்யுளையும் நோக்கியே விதி செய்கின்றனர். அவ்வாறாயின் தொல்காப்பியர் செவியில் விழுந்த தமிழில் சகர அகரத்தில் தொடங்கும் சொற்கள் இல்லாமலோ, கணக்கிற் கொள்ளத்தகாத அளவிற்கு அருகியோ இருந்திருத்தல் வேண்டும். இதற்குச் சான்று உண்டா?

கல்லில் உள்ள சான்று

கரூருக்கு அண்மையிலுள்ள புகழூரில் ஆறுநாட்டான் மலை என்னும் குன்று உள்ளது. அதன் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்த சேரர் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. கி.பி. 2 அல்லது 3ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது எனக் கருதப்படும் அக்கல்வெட்டு, சேரர் குலத்து இளங்கடுங்கோ என்பான் இளவரசனானபோது சமண முனிவர் ஒருவர்க்கு உறைவிடம் செதுக்கித் தந்ததைத் தெரிவிக்கின்றது. அம்முனிவரின் பெயர் செங்காயபன். அவரைக் குறிக்கும் அடைமொழியாக நிற்கும் சொல் 'அமண்ணன்' என்பதாகும்.

இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். 'சிரமண' என்னும் வடசொல் பிற்காலத்தில் சமணன் என்றாயிற்று. புகழூர்க் கல்லிலோ அது சகரத்தை இழந்து 'அமண்ணன்' என நிற்கின்றது. அதே கல்லில் 'செங்காயபன்' என்னும் பெயர் சகரத்தோடு தொடங்குகின்றது. சகரம் எகரத்தோடு கூடிச் சொல்லின் முதலில் வந்தது. அகரத்தோடு கூடி வரவில்லை. தொல்காப்பியர் சொன்ன வேறுபாடு அக்கல்லில் அப்படியே பொறிக்கப்பட்டுள்ளது எனலாம்.

இவ்வாறு சகரத்தை நீக்கிக்கொண்டு தமிழுக்குள் வந்தனவாக மொழியியலார் வேறு சில சொற்களையும் காட்டுவர். சபா என்பது 'அவை' ஆயிற்று. சந்தியா என்பது 'அந்தி' ஆயிற்று. சிரவிட்டா என்னும் விண்மீன் 'அவிட்டம்' ஆயிற்று என்பது அவர்கள் கருத்து. இவற்றுள் சிலவற்றைத் தனித்தமிழ்ச் சொற்களே எனக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், சொல்முதற் சகரம் கெடுதல் தமிழுக்குப் புதிதன்று. சிறகு என்றும் இறகு என்றும், சிப்பி என்றும் இப்பி என்றும் இரட்டை வடிவங்கள் வழங்குதலை மாணவரும் அறிவர்.

பாட்டில் உள்ள சான்று

விதி இவ்வாறிருக்க, சங்கப் பாடல்கள் வேறொரு செய்தியையும் கூறுகின்றன. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடுகின்றார். பாரம் ஏற்றிய வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் செல்ல நேரும் என்றெண்ணி, உமணர் அதன் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர். அத்தகைய சேம அச்சினைப் போன்றவன் அத்தலைவன் என்பது அப்பாட்டின் கருத்து. அவ்வண்டியைக் குறிக்க ஔவையார் எடுத்தாண்ட சொல் 'சகடம்'. பொன்முடியார் தாயின் கடனையும் தந்தையின் கடனையும் வகுத்துரைக்கும் 312ஆம் பாடலில் போரைக் குறிக்கும் 'சமம்' என்னும் சொல் வருகின்றது. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் 'சண்பகம்' இடம்பெற்றுள்ளது.

திருக்குறளை நோக்கினால், நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோலைக் கூறுமிடத்துச் 'சமன்' என்னும் சொல் உள்ளது. வினைத்தூய்மை, குடிமை ஆகிய அதிகாரங்களில் வஞ்சனையைக் குறிக்கும் 'சலம்' உள்ளது. மணிமேகலையில் பல சமயவாணரும் தத்தம் கொள்கை கூறுமிடத்தில் 'சைவவாதி' தோன்றுகின்றான். சகரம் ஐகாரத்தோடு கூடியும் சொல்முதலாகிவிட்டது. 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் தேவாரத்தில் புலவர் கூடிய 'சங்கம்' பேசப்படுகின்றது. அவையில் தொடங்கிய புலவர் கூட்டம் சங்கமாகப் பெயர் பெற்றதற்குள் தமிழின் வாயில் நன்கு திறந்துகொண்டது.

உரையாசிரியர் கண்ட வழி

விதியும் வழக்கும் முரண்பட்டபோது உரையாசிரியர்கள் என் செய்தனர்? நூலைத் தவறென்று தள்ளவும் இல்லை. சட்டி, சகடம் போன்ற சொற்களைத் தீண்டத்தகாதன என்று ஒதுக்கவும் இல்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகார இறுதியில், எச்சவியலில் அமைந்த வேறொரு நூற்பாவை அவர்கள் துணைக்கொண்டனர். காலத்தால் தோன்றி வழக்கில் நிலைபெறும் சொற்களை விலக்குதல் கூடாது என்பது அந்நூற்பாவின் கருத்தாகும். ஓரிடத்தில் வாயிலை அடைத்த ஆசிரியரே மற்றோரிடத்தில் திறவுகோலையும் வைத்துச் சென்றார் என்பதை உரையாசிரியர்கள் கண்டறிந்து காட்டினர்.

பிற்கால அறிஞர் சிலர் வேறு வழி கண்டனர். சகரம் மூன்று உயிரோடு வாராது என்பது ஏடெழுதினோரால் நேர்ந்த பிழை. ஔகாரம் ஒன்றோடு மட்டும் வாராது என்பதே நூற்பாவின் உண்மைப் பாடம் என்பது அவர்கள் கொள்கை. சகர முதற்சொற்கள் தமிழில் தொன்மையானவை என்று தேவநேயப் பாவாணர் உறுதியாக வாதிட்டார். சட்டி, சண்டை, சக்கை என நாட்டுப்புற மக்களின் நாவில் வழங்கும் சொற்களுக்கெல்லாம் வடமொழிப் பிறப்புக் காட்ட இயலாது என்னும் வாதம் எளிதில் புறக்கணிக்கத் தக்கதன்று. மறுபுறம், புகழூர்க் கல்லும் எளிதில் புறக்கணிக்கத் தக்கதன்று. அறிஞரிடையே இவ்வாதம் முடிந்துவிடவில்லை.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இவ்வாதத்திற்குள் நுழையவில்லை. எல்லா உயிரோடும் கூடிச் சொல்முதலாகும் மெய்களெனத் தொல்காப்பியர் வகுத்த ஐந்தனோடு சகரத்தையும் சேர்த்து ஆறாக்கினார். தம் காலத்துத் தமிழில் சகரம் பன்னிரண்டு உயிரோடும் வழங்குதலை அவர் கண்டார், கண்டதை விதியாக்கினார். பழையன நீங்குதலும் புதியன வந்து சேர்தலும் குற்றமாகா என்னும் கருத்தைத் தம் நூலில் அமைத்தவர், அதனைத் தாமே செய்தும் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டுவோர், சகர அகரத்தில் தொடங்கும் சொற்கள் பக்கம் பக்கமாக நிறைந்திருப்பதைக் காணலாம்.

கடல் கடந்த சகரம்

தமிழுக்குள் பிறசொற்கள் வந்தன என்பதோடு இவ்வரலாறு முடியவில்லை. தமிழ்ச்சொற்களும் சகரத்தைச் சுமந்துகொண்டு கடல் கடந்தன. மலாய்மொழியில் வட்டிக்குப் பணம் கொடுப்போரைக் குறிக்கும் 'செத்தி' தமிழ்ச் செட்டியே. 'செருத்து' என்பது சுருட்டு. சாட்டையைக் குறிக்கும் 'செமெத்தி' என்பது சம்மட்டி. குதிரைச் சவுக்கிற்குச் சம்மட்டி என்னும் பெயர் தமிழில் உண்டு. மலாய் வரலாற்று நூலாகிய 'செஜாரா மெலாயு'வில் வரும் ராஜா சூலான் என்னும் பெயரில் சோழரின் நினைவு தங்கியுள்ளது என்பர்.

இச்சொற்களை மலாய்மக்கள் ஒலிக்கும் முறை கருதத்தக்கது. 'பச்சை' என்பதிலுள்ள சகரத்தின் வல்லொலியோடு அவர்கள் இவற்றை ஒலிக்கின்றனர். தமிழர் பலரோ சொல்முதற் சகரத்தை இன்று மெல்லிய ஸகர ஒலியாக்கிவிட்டனர். தாய்வீட்டில் தேய்ந்துபோன ஒலி, புகுந்த வீட்டில் தேயாமல் இருக்கின்றது.

தோட்டத்தில் பிறந்த சொற்கள்

மலாயாவின் தோட்டப்புறங்களில் தமிழர் வாழ்ந்த வாழ்க்கையையும் இவ்வெழுத்து எழுதிவைத்துள்ளது. ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்த தொழிலாளர் 'சஞ்சிக்கூலிகள்' எனப்பட்டனர். வாக்குறுதி, உடன்படிக்கை எனப் பொருள்படும் 'ஜன்ஜி' என்னும் மலாய்ச் சொல்லே சஞ்சி ஆயிற்று என்பர். எழுதப் படிக்க அறியாத மக்கள் கைநாட்டிட்ட ஒப்பந்தம், அவர்களுடைய பெயராகவே மாறிவிட்டது. 1910இல் அம்முறை ஒழிக்கப்பட்ட பின்னரும் அச்சொல் முதியோர் நாவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

அம்மக்கள் காடு திருத்தி அமைத்த சாலை அவர்களுக்குச் 'சடக்கு' ஆயிற்று. வட இந்திய மொழிகளில் வழங்கும் 'சடக்' என்பதன் திரிபு அது. மாதமுடிவில் கைக்கு வந்தது 'சம்பளம்'. அச்சம்பளத்தையும் அதனோடு குடும்பத்தின் அமைதியையும் விழுங்கியது 'சம்சு'. சீனர்வழி வந்த சாராயத்தின் பெயர் அது. இவற்றிற்கெல்லாம் மாற்றாக, உரிமையை ஒன்றுகூடிக் கேட்கலாம் என்று அவர்களுக்குக் கற்பித்த சொல் 'சங்கம்'. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. மதுரையில் புலவர் கூட்டத்தைக் குறித்த அதே சொல், பால்மரக் காட்டில் உழைப்பவர் கூட்டத்தைக் குறித்தது.

சஞ்சி, சடக்கு, சம்பளம், சம்சு, சங்கம் ஆகிய இவ்வைந்தும் சகர அகரத்தில் தொடங்குவன. பழைய விதியைக் கையிற்கொண்டு இவற்றைத் தமிழல்ல என்று அகற்றிவிடுதல் எளிது. ஆனால் இச்சொற்களை அகற்றினால், அவற்றைப் பேசி வாழ்ந்த ஒரு தலைமுறையின் வரலாற்றைச் சொல்லுதற்கு வேறு சொற்கள் கிடைப்பது அரிது. 'ஒப்பந்தத் தொழிலாளி' என்பது பொருளை உணர்த்தும். 'சஞ்சிக்கூலி' என்பது பொருளோடு பட்ட பாட்டையும் உணர்த்தும். அகராதிகள் பலவற்றில் இடம்பெறாத இத்தகைய சொற்களைத் தொகுத்து வைத்தல் தமிழாசிரியர் செய்யத்தக்க பணியாகும். அவற்றைக் கேட்டறிதற்குரிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

1963இல் மலேசியா அமைந்தபோது சபாவும் சரவாக்கும் அதில் இணைந்தன. சிங்கப்பூரும் இணைந்து 1965இல் தனி நாடாயிற்று. சிலாங்கூர், சிரம்பான், சிங்கப்பூர் என்னும் பெயர்களைத் தொல்காப்பியர் விதி தடுப்பதில்லை. சபா, சரவாக் என்பவற்றைத் தடுக்கும். அதற்காக எந்த ஆசிரியரும் மாணவரை 'அபா' என்றும் 'அரவாக்' என்றும் எழுதச் சொல்வதில்லை. ஆயின், அவையென்றும் அமணரென்றும் ஒருகாலத்தில் தமிழர் நாவே அவ்வாறு மாற்றிக்கொண்டது என்பதை மாணவர் அறிதல் நன்று. அதனை அறியாதார்க்குத் தொல்காப்பியர் விதி பொருளற்ற தடையாகத் தோன்றும். அறிந்தார்க்கு அது பழந்தமிழ் ஒலியைக் காத்துவைத்த ஆவணமாக விளங்கும்.

ஆகவே, பொது அறிவுப் போட்டியில் சகரத்தில் தொடங்கும் சொற்களை மாணவர் அடுக்கும்போது, எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு சொல்லும் எப்போது வந்தது, எவர் வாய்வழி வந்தது என்றும் கேட்டல் வேண்டும். சண்பகம் என்னும் மாணவருக்குக் குறிஞ்சிப்பாட்டையும், சமன் என்னும் மாணவருக்குக் குறளையும் காட்டலாம். சஞ்சி என்று ஒரு மாணவர் விடையளித்தால், அச்சொல்லை வீட்டில் எவரிடம் கேட்டார் என்று வினவி, அவர் கூறுவதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.