பூட்டும் சாவியும் போல



பேரன் சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, தானே கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போகிறானாம். சேமித்த காசு முழுக்க அதில்தான்.

1990களின் நடுவில் ‘சாக்கெட் 7’ மதர்போர்டு வந்தது. இன்டெல் பென்டியமும் மாட்டலாம், ஏஎம்டி கே6-உம் மாட்டலாம். வோல்டேஜ் ஜம்பரைச் சரியாக வைக்க வேண்டும். 1997இல் பென்டியம் 2-க்கு இன்டெல் தனியாக ‘ஸ்லாட் 1’ கொண்டுவந்தது. 1999இல் ஏஎம்டி அத்லானுக்கு ‘ஸ்லாட் ஏ’. பார்வைக்கு அதே துளை, திசைதான் திருப்பி. மின் இணைப்பு முற்றிலும் வேறு.

நம்ம திண்டுக்கல் பூட்டிலும் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. அது திருடனுக்காக; இது வாங்குகிறவனைக் கட்டிப்போட என்பது என் எண்ணம்.

அதனால் முதலில் ப்ராசஸர், அதன் சாக்கெட்டுக்கேற்ற போர்டு, அப்புறம் ராம். டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 நுழையாது, வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள்.