உழவரே நடுவர்

ஸ்பெயின் நாட்டு வாலென்சியா நகரில், வியாழன்தோறும் நண்பகல் மணி அடித்ததும் பேராலய வாயிலில் கருப்பு மேலங்கி அணிந்த எண்மர் வந்தமர்வர். துரியா ஆற்று வாய்க்கால்களில் பாசனம் பெறும் உழவர்கள் தேர்ந்தெடுத்த நீர்மன்றத்தார் அவர்கள். சட்டம் பயின்றவரல்லர், தம் நிலத்தைத் தாமே பயிரிடுவோர்க்கே அப்பதவி உரியது.

அராபியர் ஆட்சியில் வேரூன்றிய பாசன முறையை, 1238இல் நகரைக் கைப்பற்றிய முதலாம் ஜேம்ஸ் மன்னரும் குலைக்கவில்லை. நிலத்தோடு நீருரிமையும் தலைமுறைதோறும் கைமாறி வந்தது.

வழக்கு வாய்மொழியாகவே நடைபெறும், மேல்முறையீடு இல்லை. முறை தவறி நீர் பாய்ச்சியவருக்குத் தண்டம் உண்டு. வழக்கு எந்த வாய்க்காலுக்குரியதோ, அதன் பிரதிநிதி தீர்ப்பில் பங்கேற்கமாட்டார். அண்டை வயற்காரனுக்குத் தீர்ப்புச் சொல்வதிலுள்ள இடரை அவ்வுழவர் நன்கறிந்திருந்தனர்!

நகரம் பெருக, வயல்கள் சுருங்கின. இன்று பல வியாழக்கிழமைகளில் வழக்கே வருவதில்லை. எனினும் வாய்க்கால்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன.