கோத்தகிரியிலிருந்து ஒரு நடிகை: சாய் பல்லவியின் வாழ்க்கையும் திரைப்பயணமும்

தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளிலும் முன்னணிக் கதாநாயகியாக அறியப்படுபவர் சாய் பல்லவி. நீலகிரி மலையின் சமூகங்களில் ஒன்றான படுகர் சமூகத்தைச் சேர்ந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவர். முகப்பூச்சு இல்லாமல் திரையில் தோன்றுபவர், சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் நடிக்க மறுத்தவர் என்றெல்லாம் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியிருக்கின்றன. இவற்றையெல்லாம் தாண்டி, 2022ஆம் ஆண்டில் மாட்டின் பெயரால் நடக்கும் தாக்குதல்களைப் பற்றிப் பேசி, அதற்காகக் காவல்துறைப் புகாரையும் நீதிமன்றத்தையும் சந்தித்தவர் அவர். சினிமா பார்க்கும் வீடுகளும் பார்க்காத வீடுகளும் நம்மில் உண்டு. இரண்டு வகை வீடுகளிலும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இவரது வாழ்க்கையில் இருக்கின்றன.

பிறப்பும் பின்னணியும்

சாய் பல்லவி செந்தாமரை 1992 மே 9 அன்று நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் பிறந்தார். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். ஊட்டியை உருவாக்கியவராகக் கருதப்படும் ஜான் சல்லிவன் 1819இல் முதலில் வீடு கட்டிய கன்னேரிமுக்கு கோத்தகிரிக்கு அருகில்தான் இருக்கிறது.

படுகர்கள் நீலகிரியில் எண்ணிக்கையில் பெரிய சமூகம். அவர்கள் பேசும் படுக மொழி கன்னடத்துக்கு நெருக்கமானது. அவர்களின் கிராமங்கள் 'ஹட்டி' என்று அழைக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் தானியமும் பிறகு உருளைக்கிழங்கும் பயிரிட்ட இம்மக்களில் பெரும்பாலோர் இன்று சிறு தேயிலை விவசாயிகள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை வேண்டும் என்பதும், தங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதும் இவர்களின் நீண்டகாலக் கோரிக்கைகள். மார்கழி, தை மாதங்களில் நடக்கும் ஹெத்தை அம்மன் திருவிழா இவர்களின் முக்கிய விழா. அதில் ஆண்களும் பெண்களும் வெள்ளை உடை அணிந்து கலந்துகொள்வார்கள்.

புகழ் வந்த பிறகும் சாய் பல்லவி இந்த அடையாளத்தை மறைக்கவில்லை. ஹெத்தை அம்மன் விழாவுக்குப் பாரம்பரிய வெள்ளை உடையில் குடும்பத்தோடு சென்றதும், 2024 செப்டம்பரில் தங்கை பூஜாவின் திருமணத்தில் உறவினர்களோடு சேர்ந்து படுக நடனம் ஆடியதும் செய்திகளில் வந்தன. நீலகிரி என்றால் படப்பிடிப்புக்கான தேயிலைத் தோட்டமும் பனிமூட்டமும் மட்டுமே என்று பழகிப்போன தமிழ்த் திரையுலகில், அந்த மண்ணின் பெண் ஒருவர் கதாநாயகியாக நிற்பது சாதாரண விஷயமல்ல.

கல்வி

சாய் பல்லவி வளர்ந்தது கோயம்புத்தூரில். பள்ளிப் படிப்பும் அங்கேதான். சிறு வயதிலிருந்தே அவருக்கு நடனத்தில் ஆர்வம். 2008இல் விஜய் தொலைக்காட்சியின் 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா' நிகழ்ச்சியிலும், அடுத்த ஆண்டு தெலுங்கில் ஈடிவியின் 'டீ' நடனப் போட்டியிலும் பங்கேற்றார். 'கஸ்தூரி மான்', 'தாம் தூம்' ஆகிய படங்களில் சிறு வேடங்களில் தலைகாட்டினார்.

ஆனாலும் படிப்பை விடவில்லை. துருக்கியை ஒட்டிய ஜார்ஜியா நாட்டுக்குச் சென்று, தலைநகர் திபிலிசியில் உள்ள அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 2016இல் பட்டம் பெற்றார். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்ய ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். 2020இல் கொரோனா காலத்தில் முகக்கவசத்தோடு திருச்சி தேர்வு மையத்துக்கு அவர் அந்தத் தேர்வை எழுத வந்த படங்கள் வெளியாயின. அப்போது அவர் மூன்று மொழிகளில் பெயர் பெற்ற நடிகை. கையில் படங்கள் இருக்கும்போதே தேர்வு மையத்தில் மற்றவர்களோடு ஒருவராக வந்து உட்கார்ந்தது நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்தி.

'பிரேமம்' தந்த திருப்பம்

ஜார்ஜியாவில் படித்துக்கொண்டிருந்தபோதே மலையாள இயக்குநர் அல்போன்ஸ் புத்ரன் தன் 'பிரேமம்' படத்துக்கு அவரை அழைத்தார். விடுமுறையில் வந்து நடித்துக் கொடுத்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பினார் சாய் பல்லவி. அன்வர் ரஷீத் தயாரித்த அந்தப் படம் 2015 மே 29 அன்று வெளியானது. அதில் தமிழ் பேசும் கல்லூரி ஆசிரியை 'மலர்' வேடம் கேரளத்தில் பெரும் வரவேற்பைப் பெற்றது. சிறந்த அறிமுக நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

முகப்பருக்கள் தெரியும்படி, அதிக ஒப்பனை இல்லாமல் அவர் அந்தப் படத்தில் தோன்றினார். முகப்பருவால் தனக்கு இருந்த தாழ்வு மனப்பான்மையைப் பற்றிப் பின்னர் பல பேட்டிகளில் பேசியிருக்கிறார். மக்கள் அந்த முகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டதுதான் தனக்குத் தைரியம் தந்தது என்பது அவர் சொன்னவற்றின் சாரம்.

அடுத்து 2016இல் சமீர் தாஹிர் இயக்கிய 'கலி' படத்தில் துல்கர் சல்மானுடன் நடித்தார். 2019இல் 'அதிரன்' படத்தில் ஃபகத் ஃபாசிலுடன் நடித்தார்.

தெலுங்கிலும் தமிழிலும்

2017இல் சேகர் கம்முலா இயக்கிய 'ஃபிதா' அவரைத் தெலுங்கு ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது. தெலங்கானா கிராமத்துப் பெண் பானுமதியாக நடித்த அவர், அந்த வட்டார வழக்கைக் கற்றுத் தானே பின்னணிக் குரல் கொடுத்தார். வெளியூர் நடிகைகளுக்கு வேறொருவர் குரல் கொடுப்பதே வழக்கமாக இருந்த இடத்தில் இது கவனிக்கப்பட்டது. அதே இயக்குநரின் 'லவ் ஸ்டோரி' (2021) சாதி கடந்த காதலையும், வீட்டுக்குள்ளேயே சிறுமிகளுக்கு நேரும் பாலியல் கொடுமையையும் பேசியது. 'ஷியாம் சிங்கா ராய்' (2021) படத்தில் தேவதாசி முறைக்குள் சிக்கிய பெண்ணாக நடித்தார்.

தமிழில் கதாநாயகியாக முதலில் வந்த படம் ஏ.எல். விஜய் இயக்கிய 'தியா' (2018). அதே ஆண்டு வெளியான 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' பாடலுக்குப் பிரபுதேவா நடனம் அமைத்தார். யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தாண்டிய முதல் தென்னிந்தியப் பாடல் அது. ஒரு காலத்தில் 'அடுத்த பிரபுதேவா' போட்டியில் ஆடிய பெண், பத்தாண்டுகளில் அதே பிரபுதேவாவின் நடன அமைப்பில் ஆடினார். 2020இல் 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறன் இயக்கிய 'ஓர் இரவு' பகுதியில், சாதி மாறித் திருமணம் செய்ததற்காகத் தந்தையாலேயே கொல்லப்படும் கர்ப்பிணி மகளாக நடித்தார்.

2022 ஜூலையில் வெளியான 'கார்கி' தமிழில் அவருடைய முக்கியமான படம். கௌதம் ராமச்சந்திரன் இயக்கியது. சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் காவலாளியான தந்தை கைதாகிறார். அவர் குற்றமற்றவர் என்று நிரூபிக்கப் போராடும் ஆசிரியை மகளாக சாய் பல்லவி நடித்தார். பாசம் ஒரு பக்கம், நியாயம் ஒரு பக்கம் என்று வரும்போது மகள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதே கதை. பெண் குழந்தைகளைப் பெற்றவர்கள் பார்த்துப் பேச வேண்டிய படம் இது.

இரண்டு கோடியும் ஒரு தங்கையும்

2019இல் சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒன்றுக்கு இரண்டு கோடி ரூபாய் தருவதாகச் சொல்லப்பட்டும் அவர் மறுத்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் அவர் வீட்டிலேயே இருந்தது. தன்னைவிடத் தான் நிறம் குறைவு என்ற எண்ணம் தங்கை பூஜாவுக்கு உண்டு. காய்கறியும் பழமும் சாப்பிட்டால் நிறம் வரும் என்று அக்கா சொன்னதை நம்பி, பிடிக்காத உணவையும் அந்தச் சிறுமி சாப்பிட்டாள். தன்னைவிட ஐந்து வயது இளையவளை நிறம் என்ற எண்ணம் அவ்வளவு பாதித்திருக்கிறதே என்று சாய் பல்லவி வருந்தினார். இது இந்தியர்களின் நிறம், வெளிநாட்டினரிடம் போய் நீங்கள் ஏன் வெள்ளையாக இருக்கிறீர்கள் என்று நாம் கேட்பதில்லையே என்பது அவரது கேள்வி.

பெண் பார்க்கும் பேச்சில் 'பிள்ளை என்ன நிறம்?' என்ற கேள்வி முதலில் வரும் வீடுகள் நம்மிடமும் இல்லாமல் இல்லை. நிறத்தால் ஒருவருக்கொருவர் உயர்வில்லை என்று மேடையில் சொல்லும் சமூகம், மணமேடைக்கு வரும்போது அதை மறந்துவிடக் கூடாது.

2022 ஜூன்: ஒரு பேட்டியும் அதன் விலையும்

தெலுங்கில் வேணு உடுகுலா இயக்கிய 'விராட பர்வம்' 2022 ஜூன் 17 அன்று வெளியானது. நக்சல் இயக்கத்தால் ஈர்க்கப்பட்டுச் சென்று 1992இல் அவர்களாலேயே கொல்லப்பட்ட சரளா என்ற இளம்பெண்ணின் உண்மைக் கதையைத் தழுவியது. இதற்கான பேட்டியில் வன்முறை அரசியல் பற்றிக் கேட்கப்பட்டபோது, வன்முறை என்பது தவறான தகவல் பரிமாற்றம் என்றார் சாய் பல்லவி. 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்தில் பண்டிட்டுகள் கொல்லப்பட்டதைக் காட்டியிருக்கிறார்கள் என்று குறிப்பிட்ட அவர், அண்மையில் வாகனத்தில் மாடு கொண்டுசென்றவரை முஸ்லிம் என்று கருதி அடித்து, ஜெய் ஸ்ரீராம் என்று முழக்கமிட்ட சம்பவத்தையும் சொன்னார். அன்று நடந்ததற்கும் இன்று நடப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். நடுநிலையான குடும்பத்தில் வளர்ந்ததாகவும், பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் காப்பாற்றப்பட வேண்டும் என்று தனக்குக் கற்பிக்கப்பட்டதாகவும் கூறினார்.

சமூக ஊடகங்களில் அவருக்கு எதிராகக் கடும் பிரச்சாரம் தொடங்கியது. ஐதராபாத் சுல்தான் பஜார் காவல் நிலையத்தில் பஜ்ரங் தள் சார்பில் புகார் கொடுக்கப்பட்டது. காவல்துறை அனுப்பிய நோட்டீஸை ரத்து செய்யக் கோரி அவர் தாக்கல் செய்த மனுவைத் தெலங்கானா உயர்நீதிமன்றம் 2022 ஜூலையில் தள்ளுபடி செய்தது.

இதற்கிடையே ஜூன் 18 அன்று ஒரு காணொளியில் விளக்கம் அளித்தார். எந்த மதத்தின் பெயரால் நடந்தாலும் வன்முறை தவறு, மருத்துவம் படித்தவளாக எல்லா உயிரும் சமம் என்று நம்புகிறேன், பண்டிட்டுகளின் துயரத்தைச் சிறுமைப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை என்பதே அதன் சாரம். கும்பல் தாக்குதலைக் கண்டித்ததிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

இங்கே ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் முஸ்லிம்களுக்காக மட்டும் பேசவில்லை. பண்டிட்டுகளின் துயரத்தையும் மாட்டு வியாபாரியின் துயரத்தையும் ஒரே தராசில் வைத்தார். அவர்மீது கோபம் வந்ததும் அதனால்தான், அவர் பேச்சுக்கு மதிப்பு வருவதும் அதனால்தான்.

'அமரன்' எழுப்பிய கேள்விகள்

2014 ஏப்ரலில் காஷ்மீரின் சோபியானில் உயிரிழந்த, அசோக சக்ரா விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையை வைத்து ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய 'அமரன்' 2024 அக்டோபர் 31 அன்று வெளியானது. முகுந்தின் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸாக நடித்த சாய் பல்லவிக்குச் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

படம் வெளியாவதற்கு முன், ராணுவம் பற்றி அவர் முன்பு பேசிய பழைய காணொளி ஒன்றை எடுத்துப் போட்டு, அவரைத் தேசத்துக்கு எதிரானவர் என்றார்கள். படம் வெளியான பிறகு, காஷ்மீர் முஸ்லிம்களைத் தவறாகச் சித்திரிக்கிறது என்று எஸ்.டி.பி.ஐ. கட்சியினர் சென்னையில் போராட்டம் நடத்தினர். ஒரே நடிகை, ஒரே படம், இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து எதிர்ப்பு.

காஷ்மீர் மக்களின் அன்றாட வாழ்க்கை படத்தில் இல்லை என்ற விமர்சனம் நியாயமானது. அதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அதே நேரம், நமக்காகப் பேசியவர் நாம் விரும்பும் படங்களில் மட்டுமே நடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும், நமக்குப் பிடிக்காத படத்தில் நடித்ததால் அவர் முன்பு சொன்ன நியாயம் செல்லாது என்று சொல்வதும் நீதியாகாது. படத்தை விமர்சிக்கலாம், சொன்ன சொல்லுக்கு நன்றியும் பாராட்டலாம். இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பவை அல்ல.

அண்மைக் காலம்

2025 பிப்ரவரியில் வெளியான 'தண்டேல்', பாகிஸ்தான் கடற்பகுதியில் கைதாகிச் சிறையில் வாடிய ஸ்ரீகாகுளம் மீனவர்களின் உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. கரையில் காத்திருந்து அவர்களை மீட்கப் போராடும் பெண்ணாக சாய் பல்லவி நடித்தார். இந்தியில் நிதேஷ் திவாரி இயக்கும் 'ராமாயணா'வில் சீதையாக நடிக்க ஒப்பந்தமானார். அந்த வேடத்துக்காக அசைவத்தை விட்டுவிட்டார் என்று வதந்தி பரவியபோது, பொய்ச் செய்திகளுக்கு எதிராகச் சட்ட நடவடிக்கை எடுப்பேன் என்று 2024 டிசம்பரில் எச்சரித்தார். அவர் ஏற்கெனவே சைவ உணவுக்காரர். தமிழ்நாடு அரசின் 2021ஆம் ஆண்டுக்கான கலைமாமணி விருது அவருக்கு 2025இல் அறிவிக்கப்பட்டது.

திரையுலகில் இவரைவிட அதிகப் படங்களில் நடித்தவர்கள் பலர். ஆனால் தெருவில் ஒருவர் அடிக்கப்படும்போது, தன் பட வசூலையும் வாய்ப்புகளையும் எண்ணிப் பார்த்து வாய் மூடிக்கொள்பவர்களே அங்கு அதிகம். கோத்தகிரியில் பிறந்த இந்தப் பெண் படம் வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, இழக்க நிறைய இருந்த நேரத்தில் பேசினார். அடுத்தவர் வீட்டில் துயரம் நடக்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படிப் பேசப் பழக வேண்டும்.