புகலிடத்திலிருந்து மறுவாழ்வுக்கு: தொழுநோய் மிஷனின் வரலாறு

நோயாளரைக் காப்பது ஒன்று. அவரை மீண்டும் மக்களிடையே வாழச் செய்வது வேறொன்று. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லத் தொழுநோய் மிஷன் என்னும் கிறித்தவ அறச்சங்கத்திற்கு முக்கால் நூற்றாண்டு வேண்டியிருந்தது. அது நடந்த வழியை ஆராய்தல் பயனுடைத்து.

அயர்லாந்து நாட்டினரான வெலெஸ்லி பெய்லி 1869 ஆம் ஆண்டில், அக்காலப் பஞ்சாப் மாகாணத்து அம்பாலாவில் மிஷன் பாடசாலை ஆசிரியராயிருந்தார். ஆங்கே தொழுநோயாளர் வாழ்ந்த குடிசைகளைக் கண்டு உளம் நெகிழ்ந்த அவர், தாயகம் திரும்பிய பின் 1874 இல் டப்ளின் நகர நண்பர்களின் துணையுடன் இச்சங்கத்தை நிறுவினார். ஆண்டுக்கு 30 பவுண் திரட்டுவதே தொடக்க எண்ணம். 1917 இல் அவர் ஓய்வு பெற்றபொழுது சங்கத்தின் பணி 12 நாடுகளிற் பரவியிருந்தது.

நோர்வே மருத்துவர் ஹன்சன் 1873 இலேயே இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். எனினும், அதனை அடக்கவல்ல மருந்து 1940 கள் வரை கிடைத்திலது. ஆதலின், உணவும் உடையும் உறையுளும் அளிப்பதே சங்கத்தின் தலையாய பணியாயிற்று. தெருவிற் கைவிடப்பட்டோர்க்கு அது பேருதவியே. ஆயினும், அவ்வில்லங்களில் ஆண்களும் பெண்களும் பிரித்து வைக்கப்பட்டனர். நோயற்ற குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து வேறிடத்தில் வளர்ந்தனர். ஊர் விலக்கியவர்களை அன்புடன் ஏற்ற இல்லமே அவ்விலக்கை நிலைப்படுத்தவும் செய்தது என்பதை வரலாற்று மாணவர் மறைத்தல் ஆகாது.

இந்நிலையை மாற்றிய முயற்சிகளுள் ஒன்று தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. கொல்லிமலையிற் பிறந்த ஆங்கில மருத்துவர் போல் பிராண்ட், 1946 இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் தசை தானே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று அந்நாளிற் பலர் நம்பினர். நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றுப்போவதால், சூட்டையும் காயத்தையும் அறியாமலே கை சிதைகின்றது என்று அவர் காட்டினார். முன்கையிற் பழுதுறாதிருந்த தசைநாணை இடமாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை இயங்கச் செய்தார். பயனற்றவை எனக் கருதப்பட்ட கைகள் மீண்டும் தொழில் பயின்றன. 1955 இல் வேலூருக்கு அண்மையிலுள்ள கரிகிரியில் எழுந்த ஆராய்ச்சி நிலையத்தை நிறுவுவதில் பெய்லியின் சங்கமும் பங்குகொண்டது.

சங்கத்தின் பெயரும் இதற்கேற்ப மாறியது. நோயாளரையே நோயின் பெயரால் இழித்துக் குறித்த பழைய ஆங்கிலப் பெயர் 1965 இல் நீக்கப்பட்டது. 1981 இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால் நோய் முற்றாகக் குணமாகும் நிலை ஏற்பட்டது. அவ்வாறிருந்தும், 2023 ஆம் ஆண்டில் உலகெங்கும் 1,80,000க்கு மேற்பட்டோர் புதிதாக இந்நோய்க்கு ஆளானமை பதிவாகியுள்ளது.

மருந்து கிருமியை ஒழிக்கும். குணமடைந்தவர்க்கு வேலை கொடுப்போரும் அயலில் இடங்கொடுப்போரும் இல்லையெனின், அம்மருத்துவம் பாதி வழியில் நின்றுவிடும். எஞ்சிய பாதி மருத்துவர் கையில் இல்லை. அது நம் கையில் உள்ளது.