சராசரி சொல்லாத கணக்கு



போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பழைய மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. "சார், தனிநபர் வருமானம் ஏறிடுச்சுன்னு டிவியில சொல்றாங்க. எங்க வீட்டுக்கு மட்டும் வரவே இல்லையே?" என்று சிரித்தபடி கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்குச் சராசரி கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். சராசரி எதை மறைக்கும் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பாக்கியை இங்கே தீர்க்கிறேன்.

பந்தியில் 100 பேர், 100 வடை. சராசரி ஆளுக்கு ஒன்று. ஒருவர் இலையில் மட்டும் 22 வடை விழுந்தாலும் சராசரி ஒன்றுதான்!

நம் நாட்டு வருமானத்தை முதலில் கணக்கிட்டவர் தாதாபாய் நவுரோஜி. ஆளுக்கு ஆண்டுக்கு வெறும் 20 ரூபாய் என்று 1876இல் சொன்னார். பிறகு 1931-32ஆம் ஆண்டுக்கு முறையாகக் கணக்கிட்டவர் வி.கே.ஆர்.வி. ராவ். அவர் பிறந்தது நம் காஞ்சிபுரத்தில், 1908இல். விடுதலைக்குப் பின் 1949இல் மகலனோபிஸ் தலைமையில் அமைந்த தேசிய வருமானக் குழுவிலும் அவர் உறுப்பினர். இவர்களால் மொத்தம் தெரிந்தது, சராசரி தெரிந்தது. யார் இலையில் எவ்வளவு என்பது தெரியவில்லை.

அதற்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் சைமன் குஸ்நெட்ஸ். அவர் 1953இல் செய்தது எளிய வகுத்தல்தான். வருமான வரிப் பட்டியலிலிருந்து மேல்தட்டினரின் வருமானத்தை எடுத்து, நாட்டின் மொத்த வருமானத்தால் வகுத்தார். இந்தியாவில் 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பின், எந்த வருமானத்தில் எத்தனை பேர் என்ற பட்டியல் ஆண்டுதோறும் வெளிவந்தது. அதை வைத்து அபிஜித் பானர்ஜி, தாமஸ் பிக்கெட்டி போன்றோர் கணக்குப் போட்டார்கள்.

விடை இதுதான். மேல்தட்டு 1 விழுக்காட்டினர் கையில் 1930களின் இறுதியில் சுமார் 21 விழுக்காடு வருமானம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அது 6 விழுக்காடாக இறங்கியது. 2022-23இல் 22.6 விழுக்காடு என்கிறது பிக்கெட்டியும் வேறு மூவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு. வெள்ளைக்காரன் காலத்து அளவையும் தாண்டிவிட்டோம்.

இதை மறுக்கும் பொருளாதார அறிஞர்களும் உண்டு. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. 1973-74இல் உச்ச வரி 97.75 விழுக்காடு. வரி அவ்வளவு ஏறினால் ஒளித்து வைப்பதும் ஏறும். விவசாய வருமானம் மத்திய அரசின் வருமான வரிக்குள் வருவதே இல்லை. எனவே இந்த எண்களைத் தராசில் நிறுத்த தங்கம்போல் எடுத்துக்கொள்ள வேண்டாம். போகும் திசையைப் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. 2000ஆம் ஆண்டுவாக்கில் அந்த வரிப் பட்டியல் வெளிவருவது நின்றுபோனது. 2016இல்தான் மீண்டும் வந்தது. நாடு வேகமாக வளர்ந்த காலத்தில், பங்கு யாருக்குப் போனது என்று பார்க்கும் ஜன்னல் சாத்திக் கிடந்தது.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுக்கு உங்களை எத்தனை முறை அழைத்துப் போயிருப்பேன்! குடவோலை, 30 குடும்பு என்று ஒப்பித்தீர்களே, அதிலே இன்னொரு விதியும் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியிட முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. அந்தச் சபை எல்லாருக்குமானது அல்ல என்பது உண்மை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அதில் இடம். ஆனாலும் கணக்கு ஊரறிய இருக்க வேண்டும் என்று முதலாம் பராந்தகன் காலத்திலேயே, 1,100 ஆண்டுகளுக்கு முன், கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இனி யாராவது சராசரி சொன்னால், "மேலே இருக்கும் நூற்றில் ஒருவருக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள், பிள்ளைகளே. உங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
உத்திரமேரூர்