கடல் கடக்கக் கட்டணம் கொடுத்தவர் யார்?

உடப்புசல்லாவையில் வாழும் ஒரு குடும்பத்தினர் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று வர எண்ணுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதே. எந்த மாதத்தில் விமானக் கட்டணம் குறையும், எந்த நிறுவனம் மலிவாக ஏற்றிச் செல்லும் என்று வீட்டுப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தேடிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்திருக்கும் முதியவர் ஒருவர், "நம்முடைய பாட்டன் பூட்டனைக் காசில்லாமலே கூட்டி வந்தார்கள்" என்று சொல்லக்கூடும்.

அவர் சொல்வது ஒருவகையில் உண்மை. தேயிலைத் தோட்டத் தமிழர்களின் முன்னோரிற் பெரும்பாலோர் கடல் கடப்பதற்குத் தம் மடியிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தவர் அல்லர். ஆனால் அந்தக் கட்டணத்தை யாரோ ஒருவர் கொடுத்தார். கொடுத்தவர் அதை எவ்வாறு திரும்பப் பெற்றார்? மலிவான பிரயாணத்தின் வரலாறு இந்த வினாவில் அடங்கியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்கு நடந்து வந்தனர். தோணியேறி மன்னாரில் இறங்கினர். அங்கிருந்து நூறு மைலுக்கு மேல் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். நீரில்லாத வழி; வாந்திபேதியும் காய்ச்சலும் காத்திருந்த வழி. வழியிலேயே மாண்டு மண்ணானவர் பலர். தோணிக் கூலி சொற்பமே. எனினும் அப்பயணத்திற்கு மக்கள் கொடுத்த விலை சொற்பமன்று.

அந்தச் சொற்பக் கூலியும் இனாமாகக் கிடைத்ததில்லை. தோட்டத் துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி தம் ஊருக்குச் சென்று, உறவினரையும் அயலாரையும் திரட்டுவார். அவர்கள் ஊரிற்பட்ட சில்லறைக் கடனை அடைப்பார். வழிச்சோற்றுக்கும் தோணிக்கும் செலவிடுவார். செலவிட்டது அத்தனையும், சிலவேளைகளில் செலவிடாததும், தொழிலாளியின் பெயரிற் பற்றாக எழுதப்படும். இவ்வாறு அவன் தோட்டத்தில் முதற்கொழுந்து கிள்ளுமுன்னரே கடனாளியாகிவிடுவான். வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால், "இவனுடைய கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்பேன்" என்று துரை எழுதித்தரும் சீட்டு வேண்டும். அதற்குத் "துண்டு" என்று பெயர். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு குடும்பத்தின் கால்கள் கட்டப்பட்டிருந்தன.

காலம் சென்றது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1885ஆம் ஆண்டில் புகைவண்டி நானுஓயாவை எட்டியது. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சிறுபாதை 1904ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது. உடப்புசல்லாவைப் பாதை என்றே அது பெயர்பெற்றது. அந்தப் பகுதித் தேயிலைப் பெட்டிகளை இறக்கிச் சென்ற அந்தச் சின்னக் கோச்சி 1940களில் நின்றுபோயிற்று.

கடல்வழியும் சுருங்கிற்று. 1914ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஒரே டிக்கெட்டு வாங்கிக்கொண்டு, இரயில், கப்பல், மீண்டும் இரயில் என மாறிக் கொழும்பில் வந்து இறங்கலாம். இதுவே புகழ்பெற்ற "போட் மெயில்". இடையிலுள்ள கடல் ஏறக்குறைய 22 மைல்தான்.

தோட்டத் தொழிலாளிக்கு அந்த டிக்கெட்டும் தேவைப்படவில்லை. அவன் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. அவன் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் அதிற் பொறிக்கப்பட்டிருந்தது. வில்லையைக் காட்டினால் இரயிலிலும் கப்பலிலும் ஏற்றுவார்கள். செலவுக் கணக்குத் தோட்டத்திற்குப் போகும். இந்திய மண்ணிலேயே இலங்கை அரசாங்கம் நடத்திய மண்டபம் முகாமில் அவனைச் சில நாட்கள் நிறுத்தி, நோய் உண்டா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்புவார்கள். எண் பொறித்த பெட்டி சேருமிடம் சேருவதுபோல் எண் பூண்ட மனிதனும் சேர்ந்தான். தன் பிரயாணத்திற்கு ஆன செலவு எவ்வளவு என்பது அவனுக்குத் தெரியாது. அது அவனுடைய பற்றுக் கணக்கில் ஏறிய பின்னரே தெரிந்தது.

இக்கொடுமைக்கு எதிராக இரு கரையிலும் குரல் எழுந்தது. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டமும், அதையடுத்து 1923இல் இலங்கையில் வந்த சட்டமும், ஆள்திரட்டும் செலவைத் தொழிலாளியிடம் அறவிடலாகாது என்ற நிலையை ஏற்படுத்தின. தோட்டங்கள் செலுத்தும் பணத்தாலான பொது நிதியிலிருந்து அச்செலவு செய்யப்பட்டது. அப்போதுதான் கடலைக் கடப்பது மெய்யாகவே இலவசமாயிற்று எனலாம்.

ஆயினும் ஊருக்குச் சென்று வருவது வேறு விஷயம். 1929ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அதில் உண்டு, உடுத்து, எஞ்சியதைச் சேர்த்து, திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போவதென்றால் ஆண்டுகள் ஆகும். எனினும் போனார்கள், வந்தார்கள். மூன்றாம் வகுப்பு இரயிலும் கப்பலும் ஏழைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன.

1939ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி, புதிதாகத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். கட்டணம் கையில் இருந்தும் கடவுச்சீட்டு இல்லாதவன் எந்தக் கப்பலில் ஏறுவான்? இதற்குச் சற்று முன்னர், 1947 டிசம்பர் 10ஆம் நாள், ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அதன் ஒலியை லயத்து வாசலில் நின்று கேட்கலாம். ஏறுவதற்கு வசதி வேண்டும்.

1964ஆம் ஆண்டு மலையக மக்கள் மறக்கவியலாத ஆண்டு. அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். அவர்களைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் இரு அரசுகளும் இணங்கின. ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம் முடியுமுன், டிசம்பர் 22, 23ஆம் நாட்களில் வீசிய புயல் தனுஷ்கோடியைக் கடலில் ஆழ்த்தியது. இரயில் ஒன்று பிரயாணிகளோடு அழிந்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்றது.

"இராமானுஜம்" என்னும் கப்பலை மலைநாட்டில் அறியாதவர் இலர். மலைநாட்டு நிலையங்களிற் கோச்சி ஏறி, தலைமன்னாரில் அக்கப்பலில் அடிவைத்தவர்கள், பாட்டன் வந்த வழியே திரும்பினார்கள். ஒருகாலத்தில் தொழிலாளரை உள்ளே அனுப்பிய மண்டபம் முகாம், அவர்களுடைய பேரப்பிள்ளைகளை வரவேற்கும் முகாமாயிற்று. நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில், பலர் மீண்டும் தேயிலைச் செடியின் அருகிலேயே குடியமர்த்தப்பட்டனர். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. தாய் அங்கே, மகள் இங்கே. அது திரும்பி வருவதற்கு இடம் வைக்காத பிரயாணம்.

1984ஆம் ஆண்டில், போர்ச் சூழலில், அந்தக் கப்பலும் நின்றது. ஏழையின் வழி அடைபட்டது. 22 மைல் கடலைக் கடக்க ஆகாய விமானமே கதியென்றாயிற்று. கூடலூரில் தாய் இறந்தால், உடப்புசல்லாவையிலுள்ள மகளுக்குத் தந்தி வரும். அவளாற் போக இயலாது. எத்தனையோ வீடுகளில் இந்தத் துயரம் சொல்லப்படாமலே கிடக்கிறது.

அதே காலத்தில் வேறொரு விமானம் மலையகத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு மேற்கே பறந்தது. வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை. டிக்கெட்டுச் செலவு தங்களுடையது என்றனர் முகவர்கள். பலர் நலமாகச் சென்று, உழைத்து, வீடு கட்டினர். வேறு பலர் அந்த இலவச டிக்கெட்டின் விலையைச் சம்பளப் பிடித்தத்திலும், பிறர் கையில் அகப்பட்ட கடவுச்சீட்டிலும் கண்டறிந்தனர். தகர வில்லையின் பழைய கதை புதிய உடையில் வந்தது.

நல்ல மாற்றங்களும் நேர்ந்துள்ளன. 2003ஆம் ஆண்டின் சட்டம், நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை அளித்தது. 2019இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு மீண்டும் விமானம் பறந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் புறப்பட்டது.

ஆகவே, நேயர்களே, இன்று மலிவான டிக்கெட்டைத் தேடும் பிள்ளைகள் மூன்று வினாக்களை மனத்திற் கொள்வது நன்று. விமானக் கட்டணத்தோடு பஸ் கூலி, விசாக் கட்டணம், மூட்டை முடிச்சுக்கு வாங்கும் கூலி எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் எவ்வளவு? கட்டணத்தை வேறொருவர் கொடுப்பதானால், அதற்கு ஈடாக அவர் கேட்பது என்ன? திரும்பி வரும் டிக்கெட்டு யார் கையில் இருக்கும்?

பாட்டன் இவ்வினாக்களைக் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு எழுத்தும் இல்லை, இடமும் இல்லை. பேரன் கேட்கலாம். தன் உழைப்பின் காசில், தன் பெயரில், போகவும் வரவும் டிக்கெட்டு வாங்கி, கூடலூரிலுள்ள பெரியம்மாவைக் கண்டு திரும்பும் ஒரு மலையகப் பிள்ளையின் பிரயாணம், கட்டணம் சற்று அதிகமானாலும், அந்தக் குடும்பத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றில் மிக மலிவான பிரயாணம் என்றே நான் கருதுகிறேன்.